அலுவிகாரையில் ஒரு பகல்

உல்லாசப் பிரயாணம் என்பது பணம் படைத்தவர்களுக்கே உரியது என்றோர் எண்ணம் நம்மவர் மனத்தில் வேரூன்றியிருக்கிறது. விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள், "எங்கேயாவது போவோம்" என்பார்கள். பெற்றோர் பணப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த விடுமுறை பெரும்பாலும் வருவதேயில்லை.

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் இளைஞர்கள் ஊர் பார்க்கும் விதம் ஒன்றுண்டு. தரையோடு தரையாகத் தாழ்ந்த சின்னஞ்சிறு கார்ட் வண்டிகளில் ஆளுக்கொருவராக அமர்ந்து, வேடிக்கையான உடைகளை அணிந்துகொண்டு, முன்னே செல்லும் வழிகாட்டியின் வண்டியைத் தாய் வாத்தைத் தொடரும் குஞ்சுகளைப் போலத் தொடர்ந்து, பெருவீதிகளையெல்லாம் சுற்றி வருகிறார்கள். அதற்கு வாகனம் ஓட்டும் அனுமதிப் பத்திரம் வேண்டும்; பணமும் கணிசமாக வேண்டும். எங்களோடு வந்த மாணவர்கள் இதன் படங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு ஏக்கப் பெருமூச்சு விட்டார்கள்.

"நமக்கும் கார்ட் வண்டி உண்டு. அதற்கு மூன்று சக்கரம், வழிகாட்டியும் அதிலேயே அமர்ந்திருப்பார்" என்று நாங்கள் சொன்னோம். பிள்ளைகள் நகைத்தார்கள். அந்த நகைப்போடுதான் ஒரு சனிக்கிழமை காலை கண்டியிலிருந்து எங்கள் பயணம் தொடங்கியது. பெரியவர்கள் இருவர், மாணவர்கள் ஐவர். கையில் சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், ஒரு குடை. போக வேண்டிய இடம் மாத்தளைக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலுவிகாரை.

மாத்தளைக்குச் செல்லும் வழி

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லும் பெருவீதிக்கு ஏ-9 என்று பெயர். இலங்கைத் தமிழர் எவருக்கும் அந்தப் பெயரை விளக்கவேண்டியதில்லை. யுத்த காலத்தில் அது அடைபட்ட கதையும், பின்னர் திறக்கப்பட்ட கதையும் நம் வீடுகளில் இன்னமும் பேசப்படுகின்றன. ஆனால் வடக்கிலுள்ளோர் அந்த வீதியைத் தங்கள் பக்கத்து முனையிலிருந்தே நினைத்துப் பார்ப்பது வழக்கம். அதன் தெற்கு முனையில், மலைகளின் மடியில், மாத்தளை இருக்கிறது. கண்டியிலிருந்து பேருந்தில் ஏறினால் ஏறக்குறைய 26 கிலோமீட்டர். நகரத்துச் சிற்றுண்டிச் சாலையில் ஒரு கோப்பை குளிர்ந்த காப்பிக்குக் கொடுக்கும் பணம், ஒருவர் இந்தப் பயணத்தைப் போய் வருவதற்குத் தாராளமாகப் போதும்.

1880 ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்கென்று போட்ட பாதை அது. பாதை வந்து சேர்ந்த காலத்தில் இலை நோய் கண்டு கோப்பிச் செடிகள் அழிந்துகொண்டிருந்தன. பிறகு தேயிலை வந்தது, கொக்கோ வந்தது, மிளகும் கராம்பும் சாதிக்காயும் மாத்தளையின் பெயரை உலகறியச் செய்தன. கண்டியைவிடத் தாழ்ந்த இடமாகையால் இங்கே குளிர் குறைவு. பேருந்தின் ஜன்னல் வழியே வந்த காற்று கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதுமே வெதுவெதுப்பாக மாறியதை நாங்கள் உணர்ந்தோம்.

மாத்தளை நகரில் இறங்கியதும் கண்ணில் படுவது ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் இராஜகோபுரம். அதன் உயரம் 108 அடி. அண்ணாந்து பார்த்த மாணவி ஒருத்தி, சிற்பங்களை எண்ணத் தொடங்கி மூன்றாம் அடுக்கில் கணக்கைத் தவறவிட்டாள். ஒரு மரத்தடியில் வைத்து வணங்கப்பட்ட அம்மனுக்கு 1852 இல் நிலம் கிடைத்து, 1874 இல் கோயில் எழுந்தது என்பது ஆலய வரலாறு. மாசி மக உற்சவத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும். 1983 ஜூலைக் கலவரத்தில் சேதமுற்ற இவ்வாலயம் திரும்பவும் புதுப்பிக்கப்பட்டு நிமிர்ந்து நிற்கிறது.

இந்த அம்மன் ஏன் இந்த ஊரில் வந்து அமர்ந்தாள்? அதற்கு விடை அந்த ஏ-9 வீதியில்தான் இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடலைப் படகில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, கால்நடையாக மாத்தளைக்கு வந்தார்கள். வழியிலே வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின. காட்டைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு மலைநாட்டின் முதல் பெரிய ஊர் மாத்தளை. நோயைத் தணிக்கும் தெய்வம் மாரியம்மன். உயிர் தப்பியவர்கள் கைகூப்பி நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது என்பதில் வியப்பென்ன?

மாணவர்களுள் ஒருவன் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன்; இப்போது கண்டியில் படிக்கிறான். இதுவரை கலகலப்பாக இருந்தவன் இந்தக் கதையைக் கேட்டதும் மௌனமானான். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

மூன்று சக்கரத் தேர்

நகரிலிருந்து அலுவிகாரைக்கு நடந்தும் போகலாம். தம்புள்ளைப் பேருந்தில் ஏறி விகாரை வாசலில் இறங்கியும் விடலாம். நாங்களோ பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இரண்டு முச்சக்கர வண்டிகளை அமர்த்திக்கொண்டோம். இளம் பிரயாணிகளுக்கு ஒரு வார்த்தை: வண்டியில் ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். இறங்கிய பின் பேசுவது இரு தரப்பாருக்கும் மனக்கசப்பு.

எங்கள் சாரதி வயதில் மூத்த சிங்களவர். தமிழும் நன்றாகப் பேசினார். "மகன், அதோ பாருங்க" என்று கையை நீட்டிக்கொண்டே சென்றார். 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் நினைவாக ஊரில் எழுப்பியிருக்கும் சின்னத்தைப் பற்றிச் சொன்னார். மிளகு விலையைப் பற்றிச் சொன்னார். மழை பொய்த்ததைப் பற்றியும் சொன்னார். டோக்கியோ வழிகாட்டி முன்னே வேறொரு வண்டியில் போவார். இவரோ நம்மோடு அமர்ந்து, நம் குடும்ப நலத்தையும் விசாரித்துக்கொண்டு வருகிறார். பிள்ளைகள் இப்போது கார்ட் வண்டியை மறந்துவிட்டார்கள்.

வீதியின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல இருக்கின்றன. சுற்றிப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. மிளகுக் கொடி, கறுவா மரம், ஏலம், வனிலா முதலியவற்றை நேரில் காண்பது மாணவர்க்கு நல்ல பாடமே. ஆயினும் சுற்றுலாவின் முடிவில் ஒரு கடை இருக்கும். அங்கே தைலங்களின் விலை திடுக்கிட வைக்கும். பார்த்துவிட்டு நன்றி கூறி வெளியே வருவதில் வெட்கமில்லை. மிளகு வேண்டுவோர் மாத்தளைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.

பாறைகளின் நடுவே

அலுவிகாரை வீதியோரத்திலேயே இருக்கிறது. மலையிலிருந்து எப்போதோ உருண்டு வந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பது போன்ற பெரும் பாறைகள். அவற்றின் இடுக்குகளிலே குகைகள். குகைகளுக்குச் சுண்ணாம்பு பூசிய முகப்புகள். அரக்கன் ஒருவன் சமைப்பதற்காக இங்குள்ள மூன்று பாறைகளை அடுப்புக் கல்லாக வைத்தான் என்று ஊரார் கதை சொல்லுகிறார்கள். பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது! பாளியிலே 'ஆலோகம்' என்றால் ஒளி. ஆலோக விகாரையே அலுவிகாரை ஆயிற்று என்பர்.

வாசலில் பாதரட்சைகளையும் தொப்பிகளையும் கழற்றிவிட வேண்டும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருப்பது மரியாதை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தலாகாது. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். வெறுங்காலோடு நடக்க வேண்டியிருப்பதால் முற்பகலில் போவதே நலம்.

முதற் குகையினுள் ஏறக்குறைய பத்து மீட்டர் நீளமுள்ள சயன புத்தர். கூரையெங்கும் தாமரை மலர்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. வெளியே வெயிலில் கூசிய கண்களுக்கு உள்ளேயிருந்த மெல்லிருள் மருந்தாக இருந்தது. அடுத்த குகையிலோ வேறு காட்சி. பாவம் செய்தவர்கள் நரகத்திலே படும் பாட்டை ஓவியமாகவும் சிலையாகவும் அமைத்திருக்கிறார்கள். ஒருவன் தலையைப் பிளந்து இரண்டு பூதங்கள் மூளையை அகப்பையால் அள்ளுகின்றன. சிறுவர்களை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதை முன்கூட்டியே மனத்திற் கொள்க. எங்கள் மாணவர்கள், பரீட்சையில் பார்த்து எழுதுபவனுக்கு என்ன தண்டனை என்று தேடிப் பார்த்து, கிடைக்காமையால் நிம்மதியடைந்தார்கள்.

பாறைகளுக்கிடையே ஒடுங்கிய வழியாக ஏறிச் சென்றால் புத்தகோசருக்குரிய குகை ஒன்று இருக்கிறது. பாரதத்திலிருந்து ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்து, அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி, விசுத்திமக்கம் என்ற பெருநூலை இயற்றியவர் அவர். அவர் அலுவிகாரையிலும் தங்கினார் என்பது இவ்விடத்தார் நம்பிக்கை. நமக்கு அவரிடம் வேறோர் உறவுமுண்டு. காஞ்சிபுரத்தில் தாம் வாழ்ந்த காலத்தையும் அங்கே தம்மோடிருந்த தேரர் ஒருவரையும் தம் உரைநூல் ஒன்றின் இறுதியில் அவரே நினைவு கூருகிறார். காஞ்சிக்கும் அநுராதபுரத்துக்குமிடையே அறிஞர்கள் நம் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்வருவதுபோலப் போய் வந்த காலமது.

எழுதாததை எழுதிய இடம்

அலுவிகாரையின் பெருமை இந்தக் குகைகளிலோ சிலைகளிலோ இல்லை. இங்கேதான், இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், புத்தர் பெருமானின் போதனைகள் முதன்முதலாக முழுமையாக ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. எழுதப்பட்ட செய்தியை மகாவம்சம் சொல்லுகிறது. இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. பிற்காலத்துச் சிங்கள நூலும் வழிவழிச் செய்தியும் அலுவிகாரையைக் காட்டுகின்றன.

அதுவரை என்ன செய்தார்கள்? மனப்பாடம் செய்தார்கள். நம் முன்னோர் வேதத்தை எழுதாக்கிளவி என்று சொல்லி, வாய்மொழியாகவே காத்தார்களல்லவா? அதைப்போலவே பிக்குமாரும் திரிபிடகத்தைக் கூறு கூறாகப் பிரித்து, இன்ன கூட்டத்தார் இன்ன பகுதியை ஓத வேண்டும் என்று வகுத்துக்கொண்டு, நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக நினைவிலேயே வைத்திருந்தார்கள்.

வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபயன் காலத்தில் நாட்டில் பேரிடர் வந்தது. ஒரு பக்கம் உள்நாட்டுக் கலகம். மறுபக்கம், மாதோட்டத்தில் தமிழர் எழுவர் படையோடு வந்து இறங்கினார்கள் என்று மகாவம்சம் கூறுகிறது. அரசன் கிரீடமிழந்து மலைக்காடுகளில் மறைந்து வாழ்ந்தான். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 89 இல், அரசைத் திரும்பப் பெற்றான். இவற்றோடு கொடிய பஞ்சமும் சேர்ந்துகொண்டது. பிக்குமார் பலர் மாண்டனர். பலர் கடல் கடந்து பாரதம் போயினர். அறுபது பிக்குமார் மட்டும் மலைநாட்டுக்குச் சென்று, கிழங்கையும் இலையையும் தின்று உயிர் வாழ்ந்தார்கள் என்று உரைநூல் கூறுகிறது. உட்கார வலுவிருந்தபோது உட்கார்ந்தும், வலுவற்றபோது மணலிலே தலை சாய்த்துக் கிடந்தும் அவர்கள் ஓதிக்கொண்டேயிருந்தார்களாம். பஞ்சம் தீர்ந்து மற்றவர்கள் திரும்பி வந்தபோது ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓர் எழுத்தும் மாறவில்லை.

மற்றொரு செய்தி இதனினும் வியப்பானது. மகாநித்தேசம் என்ற நூல் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு பிக்குவுக்குத்தான் மனப்பாடமாக இருந்ததாம். அவரோ ஒழுக்கம் கெட்டவர். அவரிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று பெரிய தேரர் ஒருவர் தயங்கினார். ஆனால் அந்த ஒருவர் இறந்தால் நூலும் இறந்துவிடும். ஆகவே தயக்கத்தை விட்டு அவரிடமே கேட்டுக் கற்றார்கள். ஒரு நூல் முழுவதும் ஒரு மனிதரின் மூச்சிலே தொங்கிக்கொண்டிருந்த காலம் அது! இந்தப் பயமே அவர்களை எழுத வைத்தது. ஐந்நூறு பிக்குமார் கூடியிருந்து, ஓதியதை ஒப்பு நோக்கி ஓலையில் பொறித்தார்கள் என்பது மரபு. உலகின் பௌத்த நூலகங்களுக்கெல்லாம் இதுவே ஊற்றுக்கண். பர்மாவின் மாந்தளை நகரில் மிண்டோன் மன்னர் 729 சலவைக் கற்பலகைகளில் திரிபிடகத்தை வெட்டி 1868 இல் நிறைவு செய்தார். அந்தக் கல்லுக்கும் முன்னோடி இந்த ஓலையே.

ஓலை எரிந்த கதை

ஓலையை எழுதிவிட்டால் போதுமா? காக்கவும் வேண்டும். 1848 இல் பிரித்தானிய ஆட்சியினர் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி போட்டார்கள். ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய், அல்லது பணம் கட்டு என்றும் சட்டம் செய்தார்கள். மாத்தளை கிளர்ந்தெழுந்தது. புரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் தலைமை தாங்கினார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஒடுக்குதலின்போது அலுவிகாரையின் நூலகமும் சுவடிகளும் அழிந்தன.

இதைக் கேட்டபோது எங்களுள் ஒருவருக்கு இவ்வீதியின் மறுமுனை நினைவுக்கு வந்தது. 1981 ஆம் ஆண்டில், மே முடிந்து ஜூன் பிறந்த இரவில், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும், கிடைத்தற்கரிய ஓலைச் சுவடிகளும் சாம்பராயின. இன்று அந்த நூலகம் திரும்ப எழுப்பப்பட்டு வெண்ணிறத்தில் நிற்கிறது. எரிந்த சுவடிகள் திரும்பி வரவில்லை. ஒரே வீதியின் இரு முனைகளிலும் நூல்கள் அழிந்திருக்கின்றன. ஒன்று சிங்களவரின் துக்கம். ஒன்று தமிழரின் துக்கம். சாம்பலுக்கு மொழி ஏது? எங்கள் சாரதியும் உடன் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நூலகம் எரிச்சவங்க யாரா இருந்தாலும் பாவந்தான், ஐயா" என்றார்.

ஓலையில் ஒரு பெயர்

கீழே நூதனசாலையில் ஓலை எழுதும் முறையைக் காட்டுகிறார்கள். நாம் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பனையோலையைப் பயன்படுத்தினோம். சிங்களவர் பெரிதும் தாளிப்பனையின் ஓலையைப் பயன்படுத்தினர். தாளிப்பனை தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்து மடியும் மரம். அதன் இளங்குருத்தை எடுத்து, ஈர்க்கு நீக்கி, நீரில் அவித்து, உலர்த்தி, வழவழப்பாகும்வரை தேய்த்து ஏடாக்குவார்கள். பிறகு இரும்பு எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள்.

எழுதிக்கொண்டிருந்தவர் ஓர் ஏட்டை எங்களிடம் நீட்டினார். அதில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் ஓலை போலவே இருந்தது. கரி கலந்த எண்ணெயைத் தடவி, பின் துணியால் துடைத்தார். மாயம் போல, கீறிய கோடுகளில் மட்டும் கருமை தங்கி, எழுத்துகள் வரிசை வரிசையாக எழுந்தன. பிள்ளைகள் "ஆ!" என்றார்கள். பள்ளிக்குப் போகுமுன் பிள்ளைகளுக்கு ஏட்டில் மை தடவிக் கொடுத்த மையாடல் என்னும் பழைய வழக்கம் எங்களுக்கு நினைவு வந்தது.

சிறு காணிக்கை கொடுத்தால் நம் பெயரை ஓலைத் துண்டில் எழுதித் தருவார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரை எழுதி வாங்கினார்கள். தோட்டத்திலிருந்து வந்த அந்த மாணவன் மட்டும் தயங்கினான்.

"உங்க பேர் என்ன, மல்லி?" என்று எழுதுபவர் கேட்டார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

"என் பேர் வேணாங்க. எங்க குடும்பத்துல மொதல்ல இந்த ரோட்டுல நடந்து வந்தவங்க பேர எழுதணும்" என்றான்.

"அவர் பேர் என்ன?"

மாணவன் விழித்தான். அவனுக்குத் தெரியாது. சற்று நேரம் நின்றுவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்துத் தன் அப்பாயியை அழைத்தான். அந்த அம்மையாருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டதாம். பேச்சு எங்களுக்கும் கேட்டது.

"அப்பாயி, நம்ம ஆளுங்கள்ல மொதல்ல நடந்து வந்தவங்க யாரு?"

"இப்ப எதுக்குடா கேக்குற? எங்க அப்பாயிதான். கைப்புள்ளையா இடுப்புல தூக்கிக்கிட்டு வந்தாங்களாம். கூட வந்த அக்காவ காட்டுலயே பொதைச்சிட்டு வந்தாங்கன்னு சொல்லுவாங்க."

"அவுங்க பேரு என்ன, அப்பாயி?"

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு பெயர் வந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அந்தக் குடும்பத்தின் சொத்து. "அந்த அக்கா பேரு?" என்று பேரன் கேட்டான். "அது யாருக்கும் தெரியாதுப்பா. சொன்னவங்க போய்ச் சேந்துட்டாங்க" என்றார் அப்பாயி.

எழுதுபவர் ஒன்றும் பேசாமல் தமிழெழுத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். அதைப் பார்த்து, புதிதாகக் கற்கும் சிறுவனைப்போல் நிதானமாக ஓலையில் கீறினார். கரியைத் தடவித் துடைத்தார். நூற்றாண்டுக்கு முன் இடுப்பில் சுமந்து கொண்டுவரப்பட்ட ஒரு பெண் குழந்தையின் பெயர் கறுத்து எழுந்தது. காணிக்கையை அவர் வாங்க மறுத்துவிட்டார்.

உச்சியிலிருந்து

திரும்புவதற்கு முன் பாறையின் உச்சிக்கு ஏறினோம். அங்கே சிறியதொரு தாதுகோபம் இருக்கிறது. சுற்றிலும் பள்ளத்தாக்கு, தென்னந்தோப்புகள், அவற்றுக்கு அப்பால் நீல மலைகள். கீழே வீதி வடக்கு நோக்கி வளைந்து மறைகிறது. அந்த வீதியில் சென்றால் ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் நாலந்த கெடிகே இருக்கிறது. தென்னிந்தியச் சிற்ப முறையில் கருங்கல்லால் கட்டப்பட்ட பழைய ஆலயம் அது. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கம் அதை மூழ்கடிக்கவிருந்தபோது, கல் கல்லாகப் பெயர்த்து மேட்டிலே திரும்பக் கட்டினார்கள். பொழுதிருப்பவர்கள் தம்புள்ளைப் பேருந்தில் ஏறி அதனையும் கண்டு வரலாம். அலுவிகாரைக் கிராமத்திலேயே ஏனா டி சில்வா அம்மையார் வளர்த்த பத்திக் கைத்தொழில் நிலையமும் உண்டு. 2015 இல் மறைந்த அவ்வம்மையார் கிராமத்துப் பெண்களுக்குத் துணியில் சாயமிடும் கலையைக் கற்பித்துப் பிழைக்க வழி காட்டியவர்.

2023 ஆம் ஆண்டில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவு கூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28 இல் தொடங்கி ஆகஸ்ட் 12 இல் மாத்தளையை வந்தடைந்தார்கள். முன்னோர் நடந்த வழியே பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். வழியில் மடிந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்து மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் ஒரு சிறு பகுதி எஞ்சியது. மற்றவை எல்லாம் இன்னும் பாட்டிமாரின் நினைவிலேதான் இருக்கின்றன. அலுவிகாரைப் பிக்குமார் எந்தப் பயத்தினால் எழுத்தாணியை எடுத்தார்களோ அதே பயம் நமக்கும் வரவேண்டாமா? தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவர்களின் கதைக்கு மட்டுமா இது? கடைசியாக இடம்பெயர்ந்தபோது எதை விட்டு வந்தோம், எந்த வீட்டில் யார் பிறந்தார்கள் என்பதெல்லாமும் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவரின் மூச்சில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

மாலை மாத்தளையில் தேநீரும் உளுந்து வடையும் அருந்திவிட்டுப் பேருந்தேறினோம். அன்றைய செலவைக் கணக்குப் பார்த்தபோது, பேருந்து, முச்சக்கர வண்டி, தேநீர், ஓலைக் காணிக்கை யாவும் சேர்த்து, கையில் கொண்டு சென்ற பணத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தது. "அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போவோமா? இதே ரோட்டுதானே" என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

அந்த மாணவன் ஜன்னலோரத்தில் அமர்ந்து பாடக் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டோம்.

"அப்பாயி சொன்னத மறக்கிறதுக்குள்ள எழுதிக்கிறேன். ஞாயித்துக்கெழம போய் மிச்சத்தையும் கேக்கணும்" என்றான்.

 அலுவிகாரைக்குப் போக வசதியில்லாத நேயர்களும் தங்கள் வீட்டுத் திண்ணைக்குப் போகலாம். அதற்குப் பேருந்துக் கட்டணமும் இல்லை. ஒரு கொப்பியும் பேனாவும் போதும்.